வண்டி சிந்தாதிரிப்பேட்டை வரைதான்

ஆகஸ்ட் 21, 2023, திங்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை, 27ஆம் தேதியிலிருந்து சென்னைப் பறக்கும் ரயில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகாது. வேளச்சேரியில் கிளம்பும் வண்டி சிந்தாதிரிப்பேட்டையோடு நின்று திரும்பிவிடும். பூங்கா நகர், கோட்டை, கடற்கரை மூன்றுக்கும் இந்தப் பாதையில் வண்டி கிடையாது. ஏழு மாதத்துக்கு மட்டும்தான் என்கிறார்கள். இதற்கு முன் ஒரு தடவை சொல்லித் தள்ளிப்போட்டார்கள் என்பதால், இந்த முறையும் தள்ளிப்போகும் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தோம். இன்று ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

எனக்கு வீடு வேளச்சேரி. வேலை பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில் ஒரு காகித மொத்தக் கடையில் கணக்கு. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் கடற்கரை ஸ்டேஷன். பர்மா பஜார் ஓரமாக நடந்தால் கடை. பத்து ரூபாய் டிக்கெட். பஸ்ஸில் போனால் கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் நல்ல நாளில். பாதை முழுசாக இருக்கும்போதே இந்த வாரத்தைத் தினமும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பறக்கும் ரயில் என்று பெயரே தவிர, கடற்கரையிலிருந்து பூங்கா நகர் வரை இது தரையில்தான் ஓடுகிறது. அதற்கப்புறம்தான் ஏறி, பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்துக்கொண்டு வேளச்சேரி வரை பெரும்பாலும் மேலேயே போகிறது. 1995இல் சேப்பாக்கம் வரை வந்தது. 1997இல் மயிலாப்பூர். 2004இல் திருவான்மியூர். 2007இல்தான் வேளச்சேரி. மொத்தம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. முதல் துண்டில் வண்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து மிச்சத்தை முடிக்கவே பன்னிரண்டு வருஷம்.

இப்போது வெட்டப்போவது அந்தத் தரையில் ஓடும் துண்டைத்தான். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் இப்போது மூன்று பாதைகள் இருக்கின்றன. இரண்டில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. மிச்சம் இருக்கிற ஒன்றில்தான் எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் போயும் வந்தும் ஆக வேண்டும். அதனால் நாலாவதாக ஒரு பாதை போடுகிறார்கள். 4.3 கிலோமீட்டர் நீளம், செலவு 270 கோடிக்கு மேல். கோட்டை, பூங்கா நகர் பக்கம் நிலம் ஏது? நம் பாதை இருக்கும் இடத்தை எடுத்துத்தான் போட வேண்டும்.

காலையில் லேடீஸ் பெட்டியில் இதே பேச்சு. பெருங்குடியில் ஏறிய ஒரு பாட்டி, கையில் எக்ஸ்ரே கவர், மடியில் மஞ்சள் பையில் பழைய மருந்துச் சீட்டெல்லாம் சுருட்டி வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை ஜி.எச்., அதாவது அரசுப் பொது மருத்துவமனை, போகிறவர். பூங்கா நகரில் இறங்கினால் எதிரே ஆஸ்பத்திரி. சுரங்கப்பாதையில் இறங்கி ஏற முடிந்துவிட்டால் வேறு கஷ்டம் இல்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "அப்போ நான் எங்கம்மா எறங்கறது?" என்றார்.

ஆளுக்கு ஒன்று சொன்னோம். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள் என்றாள் ஒரு பெண். சிம்சன் பஸ் ஸ்டாப் வரை நடந்து பஸ் ஏறுங்கள் என்றேன் நான். வேளச்சேரியிலிருந்தே பஸ்ஸில் போய்விடலாமே என்றார் இன்னொருவர். கிண்டிக்குப் போய் மெட்ரோவில் சென்ட்ரல் போகலாம், லிஃப்ட் இருக்கிறது என்றது ஒரு காலேஜ் பெண். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "ஓ.பி. சீட்டு காலைலயே வாங்கணும்மா" என்று மட்டும் சொன்னார். நாங்கள் சொன்ன எந்த வழியிலும் அந்த நேரத்துக்கு அவர் போய்ச் சேர மாட்டார் என்பது எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இன்று மெட்ராஸ் தினமாம். 384ஆவது பிறந்தநாள் என்று வாட்ஸாப் முழுக்கப் பழைய டிராம் படங்கள்.

சாயங்காலம் மயிலாப்பூரில் இருக்கும் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கினேன். மாமியாருக்கு லஸ்ஸில் ஒரு மருந்து வாங்க வேண்டியிருந்தது. இந்த ஸ்டேஷனைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவ்வளவு பெரிய கட்டடம். கல்யாண மண்டபம் நாலைந்தை அடுக்கி வைக்கலாம். கடைகள் வரும், ஆபீஸ்கள் வரும் என்று கட்டினார்களாம். வந்ததெல்லாம் புறாக்கள். பிளாட்பாரத்தில் இறங்கி வெளியே வருவதற்குள் எத்தனை படி, எத்தனை திருப்பம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக வரும் பெண்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். பேச ஆள் இருக்கிறதோ இல்லையோ.

வெளியே வந்தால் ரோடு பாதிக்கு மெட்ரோ தடுப்பு. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லாமே இப்போது இப்படித்தான், இரண்டாம் கட்ட வேலை. இருக்கிற சந்தில் பஸ் ஒருபக்கம், தண்ணி லாரி ஒருபக்கம். ரயிலுக்குப் பதிலாகப் பஸ்ஸில் போகலாமே என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை சாயங்காலம் ஆறு மணிக்கு லஸ் முனையில் வந்து நின்று பார்க்கலாம்.

ஆகஸ்ட் 23, புதன்

இன்றைக்கு ஆபீஸில் முதலாளியே ஐந்தரைக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டார். சந்திரயான் இறங்குகிறது, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று. வீட்டுக்கு எங்கே போவது? வண்டி சேப்பாக்கம் ஸ்டேடியத்தைத் தாண்டும்போது ஆறு மணி அடித்துவிட்டது. பெட்டியில் ஒரு பெண்ணிடம் மட்டும் சிக்னல் நன்றாக இருந்தது. அவள் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், பத்துப் பன்னிரண்டு தலைகள் அதைச் சுற்றி. படம் நடுநடுவே நின்று நின்று ஓடியது. 6.04க்கு இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் பெட்டி முழுக்கக் கைதட்டல். பக்கத்துப் பெட்டியில் விசில். சமோசா விற்கிற பார்வையற்ற அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "எறங்கிருச்சா, எறங்கிருச்சா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அவரும் தட்டினார்.

அந்தச் சந்தோஷத்திலேயே ஓர் அக்கா சொன்னார்: "நெலாவுல எறக்கிட்டாங்க. ஆதம்பாக்கத்துல அரை கிலோமீட்டரு பாலத்த எறக்க முடியலயே!"

பெட்டியே சிரித்தது. விஷயம் தெரியாதவர்களுக்கு: வேளச்சேரியோடு நிற்கும் இந்தப் பாதையைப் பரங்கிமலை வரை நீட்டும் வேலை 2008இலேயே ஆரம்பித்தது. ஐந்தே கிலோமீட்டர். பெரும்பகுதி தூண், பாலம் எல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுப்பதில் வழக்கு வந்து, வருஷக்கணக்கில் பாலம் அந்தரத்தில் நின்றது. இப்போதுதான் மறுபடி வேலை நடக்கிறது. அந்தத் துண்டு மட்டும் முடிந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு புலம்பல் தேவையே இல்லை. வேளச்சேரியில் ஏறி, பரங்கிமலையில் மாறி, தாம்பரம் வண்டியில் பூங்காவுக்கும் (பூங்கா நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஸ்டேஷன்) கோட்டைக்கும் கடற்கரைக்கும் போயிருக்கலாம். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் திறந்திருந்திருக்கும். இந்தப் பக்கத்தைக் கட்டி முடிக்காமல் அந்தப் பக்கத்தை வெட்டுகிறார்கள். எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இந்த வரிசை மேல்தான்.

ஆகஸ்ட் 24, வியாழன்

நாளை வரலட்சுமி நோன்பு. கடற்கரையில் வண்டி கிளம்பும்போதே பெட்டி பூக்கடையாகிவிட்டது. தாழம்பூ, தாமரை, மாவிலைக் கட்டு, அன்னாசிப்பழம், கலசத்துக்குத் தேங்காய். பாரிமுனைப் பூக்கடையில் வாங்கினால் மயிலாப்பூரைவிட விலை குறைவு. பத்து ரூபாய் டிக்கெட் போக மிச்சம் நிற்கும். அதனால் இந்த மாதிரி நாட்களில் தென்சென்னை மாமிகள் எல்லாம் எங்கள் வண்டியில்தான்.

திருவான்மியூரில் பூ விற்கிற ஓர் அக்காவைப் பல வருஷமாகத் தெரியும். விடியற்காலை முதல் வண்டியில் பாரிமுனை போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குள் கடை போட்டுவிடுவார். நோன்பு வியாபாரம் என்பதால் இன்று இரண்டாம் நடை. கூடை மேல் ஈரச்சாக்கு, சாக்கின் மேல் கை. பூவில் வெயில் படாமல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடையை ஓர் ஓரம் நகர்த்திக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து என்ன பண்ணப்போகிறீர்கள் என்று கேட்டேன். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் அங்கிருந்து பாரிமுனைக்கு வெறுங்கையோடு எப்படியும் போய்விடலாமாம். திரும்பும்போது கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். "ஆட்டோ வெச்சா லாபம் அவனுக்கு, நாத்தம் எனக்கு" என்றார். கோயம்பேட்டில் எடுக்கலாமா என்று யோசிக்கிறார். அங்கே போகவும் பறக்கும் ரயில் இல்லை.

எதிர் சீட்டில் ஒரு பையன் அம்மாவோடு செஸ் போட்டி முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரக்ஞானந்தா கார்ல்சனிடம் டைபிரேக்கில் தோற்றுவிட்டாராம். ரொம்ப வருத்தமாக இருந்தான். பூக்கார அக்கா அவனுக்கு ஒரு தாமரை மொட்டு கொடுத்தார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நோன்பு. லீவு போட்டாயிற்று. சுண்டல் அருமை.

ஆகஸ்ட் 26, சனி

முழுப் பாதையில் இன்றுதான் கடைசி.

காலையில் வழக்கமாகத் தூங்கிவிடும் சேப்பாக்கம் தாண்டிய பகுதியை இன்று கண்விழித்துப் பார்த்துக்கொண்டே போனேன். சிந்தாதிரிப்பேட்டையை விட்டதும் கூவம் வரும். மூக்கைப் பொத்திக்கொள்வது இந்த வண்டியில் எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியம். அப்புறம் வண்டி மெல்லத் தரைக்கு இறங்குகிறது. பூங்கா நகரில் பாதிப் பெட்டி காலி. ஜி.எச். கூட்டம், சென்ட்ரல் கூட்டம், அப்படியே எதிர்ப்பக்கம் நடந்து பூங்கா ஸ்டேஷனுக்குப் போய்த் தாம்பரம் வண்டி பிடிக்கிற கூட்டம். சூட்கேஸ், டிரங்குப் பெட்டி, தலைகாணி உறையில் துணி அடைத்த மூட்டை. கோட்டையில் வக்கீல்களும் செக்ரட்டேரியட் ஆட்களும் இறங்குவார்கள். தூரத்தில் ஹைகோர்ட் சிவப்புக் கோபுரங்கள் தெரியும். அதற்கப்புறம் கடற்கரை வரை வண்டியில் இருப்பது எங்களை மாதிரிக் கடைச் சிப்பந்திகள்தான். அந்தப் பக்கம் துறைமுகக் கிரேன்கள்.

வழி நெடுக வேலை தெரிகிறது. தண்டவாளங்களை நீளவாக்கில் போட்டிருக்கிறார்கள், ஜல்லிக் குவியல், கான்கிரீட் ஸ்லீப்பர் அடுக்கு, நீலத் தார்ப்பாய். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆட்கள் எங்கள் வண்டி போகும்வரை ஒதுங்கி நின்றார்கள். நாளையிலிருந்து ஒதுங்க வேண்டியதில்லை.

நாலாவது பாதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் தங்கை காக்கிநாடாவில் இருக்கிறாள். சர்க்கார் எக்ஸ்பிரஸில்தான் வருவாள். வடக்கேயிருந்து வந்து எழும்பூர், தாம்பரம் பக்கம் போகிற வண்டிகளெல்லாம் அந்த ஒற்றைப் பாதைக்காகக் காத்துக் கிடப்பதை அவள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். எழும்பூருக்கு இன்னும் வண்டிகள் விட வேண்டுமென்றாலும் பாதை வேண்டும். எல்லாம் நியாயம்தான்.

ஆனால் அந்த நியாயத்துக்கு உண்டான செலவு யார் தலையில்? எக்ஸ்பிரஸில் வருகிறவருக்கு இதனால் ஒரு நாள்கூடப் பயணம் கெடாது. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் டிக்கெட் எடுக்கிறவர்கள்தான் ஏழு மாதம் நடுவழியில் இறங்க வேண்டும். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரிதாக ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சிந்தாதிரிப்பேட்டை வாசலிலிருந்து ஜி.எச்., சென்ட்ரல் வழியாகப் பாரிமுனைக்கு, ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஒரு சின்னப் பஸ். அவ்வளவுதான். நோட்டீஸில் மாற்று ஏற்பாடு என்று தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டிகளின் எண்ணிக்கையையும் குறைக்கிறார்கள். 122 சேவை இருந்தது 80 ஆகிறது. பாதை குறைவதால் வண்டியும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. எனக்குப் புரியவில்லை. தூரம் குறைந்தால் அதே வண்டிகள் சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்பி வரலாமே? சிந்தாதிரிப்பேட்டையில் திருப்ப இடம் போதாது என்று ரயில்வேயில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம்.

சாயங்காலம் கடற்கரையில் வழக்கமான வண்டி, வழக்கமான அறிவிப்பு: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." சில பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவரும் அம்மா ஒருவர் சரக்கு ஏற்றும் வெண்டர் பெட்டியில் ஏறிக்கொண்டே, "போட்டோ புடிச்சா மட்டும் வண்டி வந்துடுமா" என்று ஒரு போடு போட்டார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வேலை இல்லை, இருந்தாலும் போய்ப் பார்த்தேன். வண்டி சிந்தாதிரிப்பேட்டையில் நின்றது. எல்லோரும் இறங்குங்கள் என்று ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் பெட்டி பெட்டியாகத் தட்டிக்கொண்டு போனார். மோட்டார்மேன் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடக்க, கார்டு முன்பக்கம் நடந்தார். நடுவில் சந்தித்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

விஷயமே தெரியாமல் வந்த ஒரு குடும்பம். சென்ட்ரலில் கோவை வண்டி பிடிக்க வேண்டும். நாலு பெரிய பெட்டி, இரண்டு குழந்தை. கீழே ஆட்டோக்காரர்கள் தயாராக நின்றார்கள். ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டு அந்த அப்பா "அது வேளச்சேரிக்கு இல்ல, சென்ட்ரலுக்கு" என்றார். "சென்ட்ரலுக்குத்தான் சார்" என்று பதில் வந்தது. ஏறிப் போனார்கள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

எட்டே காலுக்கு வேளச்சேரி. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இல்லை. முன்பு காலை நேரத்தில் ஒரு வண்டி போனால் இன்னொன்று பின்னாலேயே வரும். இன்று அடுத்த வண்டிக்கு இருபத்தைந்து நிமிஷம் என்றார்கள். பெருங்குடி, தரமணியில் ஏறியவர்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். திருவான்மியூரில் டைடல் பார்க் கூட்டம் இறங்கியபோதுதான் மூச்சு வந்தது. கஸ்தூரிபாய் நகரில் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிற இரண்டு பேர் இறங்க முடியாமல் கத்த, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர்களை வெளியே தள்ள வேண்டியதாயிற்று. அதற்கு அவர்கள் நன்றி வேறு சொன்னார்கள்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒன்பது பெட்டிக் கூட்டமும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு வந்தது. இது எந்தக் காலத்திலும் கூட்டம் பார்க்காத ஸ்டேஷன். தினமும் நூறு பேர் இறங்குகிற படிக்கட்டில் ஆயிரம் பேர் இறங்கினால் எப்படி இருக்கும்? என் முன்னால் ஒரு பெண், இடுப்பில் நாலு வயசுப் பையன். பையனுக்கு வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. அந்தக் கால் மடங்காது, நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் நெருக்கும்போதெல்லாம் கட்டு யார் முதுகிலாவது இடித்தது. அவள் ஒரு கையால் பையனையும் இன்னொரு கையால் கட்டையும் பிடித்துக்கொண்டதால் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை இல்லை. பையிலிருந்து கட்டு பிரிக்கும் தேதி போட்ட சீட்டு எட்டிப் பார்த்தது. இன்றைய தேதிதான். பின்னால் வந்த ஒரு காலேஜ் பையன் கேட்காமலே கட்டுப் போட்ட காலைத் தன் கையில் ஏந்திக்கொண்டான். மூன்று பேரும் ஒரே உருவமாகப் பக்கவாட்டில் நடந்து படி இறங்கினார்கள்.

கீழே வந்ததும் அவள் ஜி.எச். எந்தப் பக்கம் என்று கேட்டாள். சிம்சன் பஸ் ஸ்டாப் வரை அவளோடு நடந்தேன். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால் எனக்கும் அவளுக்கும் கைக்காசு போகவில்லை. அதைச் சொல்லித்தான் ஆபீஸில் ஒருவர் என்னைத் தேற்றினார், உங்களுக்கென்னம்மா ஃப்ரீ என்று. அவருக்கு நேரம் என்றால் காசு இல்லை போலிருக்கிறது. முதல் இரண்டு பஸ்ஸில் ஏற முடியவில்லை. மூன்றாவதில் அவளுக்கு ஒரு ஸ்கூல் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். சென்ட்ரல் எதிரே அவளை இறக்கிவிட்டு, நான் பாரிமுனையில் இறங்கும்போது பத்து ஐந்து.

கடை திறப்பது ஒன்பதரைக்கு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். இனிமேல் ஏழரை வண்டிக்கு வர வேண்டும். அதற்கு ஐந்து மணிக்கு எழுந்து சமைக்க வேண்டும்.

சாயங்காலம் வேறு வழி பார்க்கலாம் என்று கடற்கரையில் தாம்பரம் வண்டி ஏறிக் கிண்டியில் இறங்கி வேளச்சேரிக்கு பஸ் பிடித்தேன். ரயில் சரி, ஜோராகப் போனது. கிண்டியிலிருந்து வேளச்சேரி வருவதற்குள் இருட்டி, குருநானக் காலேஜ் பக்கம் நகரவே இல்லை. என் யோசனை: காலையில் சிந்தாதிரிப்பேட்டை வழி, சாயங்காலமும் சிந்தாதிரிப்பேட்டை வழியேதான். பரங்கிமலைப் பாலம் வரும்வரை கிண்டியை நம்பாதீர்கள்.

லேடீஸ் பெட்டியில் வழக்கமாகக் கோட்டையில் இறங்கும் மூன்று பேர் இன்று வரவில்லை. ஒருவர் கணவரின் பைக்கில், ஒருவர் கம்பெனி வேனில். இன்னொருவர், டைப்பிஸ்ட், அடையாறிலேயே வேலை தேடுகிறாராம்.

அக்டோபர் 29, 2024, செவ்வாய்

இந்தக் குறிப்பை மறுபடி தொடர்வேன் என்று நினைக்கவே இல்லை. ஏழு மாதம் என்றது பதினாலு மாதமாகி, இன்று காலையிலிருந்து வண்டி கடற்கரை வரை ஓடுகிறது. நிலம் கிடைக்கவில்லை, வேலை முடியவில்லை என்று நடுவில் எத்தனையோ செய்தி படித்தோம். கடைசியில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் விட்டிருக்கிறார்கள். பாரிமுனை, சௌகார்பேட்டை போகிற துணிப்பை கூட்டத்துக்கு நல்லதாகப் போயிற்று.

இந்தப் பதினாலு மாதத்தில் பெட்டியே மாறிவிட்டது. டைப்பிஸ்ட்டுக்கு இந்திரா நகரில் வேலை கிடைத்து இரண்டு ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறார், சம்பளம் குறைவு. பூக்கார அக்கா கோயம்பேட்டு ஆட்களோடு சேர்ந்து மினி வேனில் பங்கு போட்டுச் சரக்கு எடுக்கிறார். ரயில் வந்துவிட்டதே என்றேன். "வேன்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன் பாப்பா, அடுத்த தைக்குப் பாக்கலாம்" என்றார். விட்டுப் போன பழக்கம் வண்டி வந்த உடனே திரும்பாது. முன்பு நிற்க இடம் இல்லாத எட்டே கால் வண்டியில் இன்று எனக்கு ஜன்னலோர சீட்டு.

சேவை எண்ணிக்கையும் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், பூங்கா நகரில் வண்டி நிற்காது. அங்கே வேலை பாக்கி. சிந்தாதிரிப்பேட்டையை விட்டால் நேரே கோட்டை. இது தெரியாமல் இன்று காலை பூங்கா நகரில் இறங்கப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எல்லோரும் ஜி.எச்., இல்லாவிட்டால் சென்ட்ரல். பதினாலு மாதம் யாருக்கு இந்த வண்டி அதிகம் தேவைப்பட்டதோ அவர்களுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

ஆகவே ஜி.எச். போகிறவர்களுக்கு, அப்பா அம்மாவை அனுப்புகிறவர்களுக்கு: பூங்கா நகரில் வண்டி நிற்கத் தொடங்கும்வரை கோட்டையில் இறங்குங்கள். அங்கேயே தாம்பரம் பக்கம் போகும் வண்டிக்கு மாறி, ஒரே ஸ்டேஷன் திரும்பி வந்தால் பூங்கா. அங்கிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். சிந்தாதிரிப்பேட்டை ஆட்டோவைவிட இது எவ்வளவோ மேல், நடையும் குறைவு. கவுன்டரில் டிக்கெட் எடுக்கும்போதே கோட்டை வழியாகப் பூங்காவுக்கு என்று கேட்டு எடுத்துவிடுங்கள். கோட்டையில் பிளாட்பாரம் மாற மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். முடியாதவர்கள் என்றால் கூட ஒரு ஆள் போங்கள்.